ஸ்லெங் டெங் பிறந்த தெருவுக்கு

நாள் 1, செவ்வாய்

டொரொண்டோவிலிருந்து கிங்ஸ்டனுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். விமானம் கடலிலேயே இறங்கிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ்ந்து வந்து, கடைசி நொடியில் கீழே தரை வருகிறது. பாலிசடோஸ் என்ற நீண்ட மணல்திட்டின் மேல் கட்டிய விமான நிலையம் இது, ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் துறைமுகம், அதற்குப் பின்னால் நகரம், நகரத்துக்குப் பின்னால் மேகம் போர்த்திய நீலமலைகள்.

ஆறு நாள் இருக்கப் போகிறேன். கடற்கரைக்காக வரவில்லை, பாப் மார்லி வீட்டைப் பார்க்கவும் வரவில்லை (அதுவும் இங்கே ஹோப் ரோட்டில்தான் இருக்கிறது, நேரம் கிடைத்தால் போவேன்). ஒரே ஒரு ரிடிமுக்காக வந்திருக்கிறேன். பேர் ஸ்லெங் டெங். 1985-ல் இந்த ஊரின் மேற்குப் பகுதியில் ஒரு வீட்டில் பிறந்தது. இத்தனை வருஷமாக ஹெட்போனில் கேட்டதை அது பிறந்த தெருவில் போய் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ரிடிம் என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு மெட்டை எடுத்து அதில் வேறு வார்த்தை போடுவோம் இல்லையா, சினிமா மெட்டில் ஐயப்பன் பாட்டு, தேர்தல் வந்தால் அதே மெட்டில் கட்சிப் பாட்டு. மெட்டு நிற்கும், வார்த்தை மாறும். ஜமைக்காவில் இது அப்படியே தலைகீழ். மேலே இருக்கும் மெட்டு, வார்த்தை, பாடுகிற ஆள், பாட்டின் விஷயம் எல்லாம் மாறும். அடியில் ஓடும் பேஸும் டிரம்மும் மட்டும் அப்படியே நிற்கும். அந்த அடித்தளத்துக்குத்தான் ரிடிம் என்று பேர். அதற்குத் தனியாகப் பேர் வைத்து, பத்துப் பேர், இருபது பேர், ஐம்பது பேர் ஆளுக்கொரு பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். ஒருவர் காதலைப் பாடுவார், அடுத்தவர் போலீஸைப் பாடுவார், மூன்றாமவர் தன் அம்மாவைப் பாடுவார். திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, அடுத்தவனைவிட நான் இதில் நன்றாக உட்கார்ந்தேனா என்பதுதான் கேள்வி.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸியிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ரேடியோவில் தொடர்ந்து நாலு பாட்டு, நாலும் ஒரே ரிடிம், இடையில் ஒரு நொடி வெற்றிடம்கூட இல்லை. இதற்கு ஜக்லிங் என்று பேர். ஓட்டுநருக்கு ஐம்பது வயது இருக்கும், நான் தலையாட்டுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு சத்தத்தைக் கூட்டினார். உங்களில் பலரும் இதைத் தெரியாமலே கேட்டிருக்கிறீர்கள். 2003-ல் ஷான் பாலின் ‘கெட் பிஸி’ அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது, அதே வருஷம் வேய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’வும் லூமிடியின் ‘நெவர் லீவ் யூ’வும் உலகம் முழுக்க ஓடின. மூன்றுக்கும் அடியில் இருந்தது லென்கி மார்ஸ்டன் செய்த ஒரே ரிடிம், கைதட்டலாலேயே கட்டிய ரிடிம், அதன் பேர் ‘தீவாளி’. ஆமாம், நம் தீபாவளிதான்.

ஓட்டுநரிடம் ஸ்லெங் டெங் தேடி வந்திருக்கிறேன் என்றேன். வண்டியை ஓரம்கட்டிவிடுவாரோ என்று நினைக்கும் அளவுக்குத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், நீ தனியாகப் போகாதே என்றார். சரி என்றேன்.

நாள் 2, புதன்

காலையில் டவுன்டவுன். பரேட் என்ற சதுக்கத்தின் மேற்கு ஓரத்திலிருந்து வடக்கே போகிறது ஆரஞ்சு தெரு. ஒரு காலத்தில் இந்தத் தெரு முழுக்க இசைத்தட்டுக் கடைகளும் ஸ்டூடியோக்களும்தான், பீட் ஸ்ட்ரீட் என்றே சொல்வார்களாம். இப்போது பெரும்பாலும் மூடிய கதவுகள், துணிக்கடை, மோட்டார் பாகங்கள். ஆனால் ராக்கர்ஸ் இன்டர்நேஷனல் இன்னும் இருக்கிறது. மெலோடிகா என்ற, வாயால் ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டை வாசித்த அகஸ்டஸ் பாப்லோ தொடங்கிய கடை. சின்ன இடம், சுவர் முழுக்க ஏழு அங்குலத் தட்டுகள், ஒரு டர்ன்டேபிள், கேட்டால் போட்டுக் காட்டுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

தட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் பின்பக்கத்தில் ‘வெர்ஷன்’ என்று போட்டிருக்கும். பாட்டு இருக்காது, ரிடிம் மட்டும். இந்த வழக்கம் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1960-களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர்கள் அடுக்கி, தட்டுப் போட்டு ஆட்டம் நடத்தும் குழு, சுருக்கமாகச் சவுண்ட்) நடத்திய ரூடி ரெட்வுட் என்பவர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் (ஆரஞ்சு தெருவிலிருந்து அதிக தூரமில்லை, பாண்ட் தெரு) பேரகன்ஸ் குழுவின் ஒரு பாட்டை அசிடேட் தட்டில் வெட்டச் சொன்னார். எஞ்சினியர் பாடகர்களின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரூடி அந்தத் தட்டை அன்று இரவு ஆட்டத்தில் போட்டார். முதலில் குரல் உள்ளதைப் போட்டு, அடுத்து குரல் இல்லாததைப் போட்டதும் கூட்டம் தானே பாட ஆரம்பித்துவிட்டது. ஒரு மறதியிலிருந்து வந்த வழக்கம். அதன்பின் குரல் இல்லாத தட்டின் மேல் மைக்கைப் பிடித்துப் பேசிப் பாடும் டீஜே வந்தார், 1970-ல் யூ ராய் அதே ட்ரெஷர் ஐல் ரிடிம்களின் மேல் பேசி ஜமைக்காவையே பிடித்துக்கொண்டார். 1974-ல் ரூபி எட்வர்ட்ஸ் ஒரே ஒரு ரிடிமை வைத்து முழு ஆல்பமே போட்டார். ஸ்லெங் டெங் வருவதற்குள் இந்த மண் நன்றாக உழுது போட்டிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்றால், என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய்தான் கட்டுவார்கள். பங்குனிப் பொங்கலுக்குக் கீழத்தெருவில் வேறொரு செட் வரும். இரண்டு செட்டுக்கும் ராத்திரி முழுக்கப் போட்டி, யாரிடம் புதுத் தட்டு இருக்கிறது, யார் குழாய் மேட்டுப்பட்டி வரை கேட்கிறது என்று. அப்பா தன் தட்டுகளின் பேரை அடுத்த செட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று லேபிள் மேல் தாள் ஒட்டி வைப்பார். கிங்ஸ்டனில் பழைய சவுண்ட் சிஸ்டம்காரர்கள் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இரவு ஹாஃப் வே ட்ரீ பக்கம் ஸ்டோன் லவ் சவுண்டின் வளாகத்தில் நடக்கும் புதன்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். 1972-ல் தொடங்கிய சவுண்ட், இன்னும் ஓடுகிறது. பத்து மணிக்குப் போனால் ஆளே இல்லை, மழை வேறு, ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பன்னிரண்டுக்கு மேல்தான் ஜனம் வந்தது. பெட்டிகள் ஆள் உயரத்துக்கும் மேல் அடுக்கியிருந்தன, குழாய் அல்ல, மரப்பெட்டி, ஒவ்வொன்றிலும் பதினெட்டு அங்குலக் கூம்பு. பேஸ் காதில் விழவில்லை, சட்டைத் துணி நெஞ்சில் ஒட்டி ஒட்டி விலகியது, அதில்தான் தெரிந்தது.

ஒன்றரை மணி வாக்கில் செலக்டர், அதாவது தட்டுப் போடுகிறவர், ஸ்லெங் டெங்கை எடுத்தார். முதல் நாலு அடி கேட்டதுமே கூட்டம் கத்தியது, உடனே நிறுத்தி, தட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று தடவை. பிறகுதான் பாட்டை ஓட விட்டார். அடுத்து அதே ரிடிமில் இன்னொரு குரல், இன்னொரு குரல், ஆறு குரல் வரை நான் எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும், அவள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் வந்த பாட்டு, ஒரு வார்த்தை விடாமல் பாடினாள்.

நாள் 3, வியாழன்

மதியம் வரை தூக்கம். காது இன்னும் இரைகிறது.

விடுதியில் காலைச் சாப்பாட்டுக்குக் கலலூ வைத்தார்கள், கீரைக் கடைசல் மாதிரி வெங்காயம் தக்காளி போட்டு வதக்கியது. இலையைப் பார்த்தால் நம் குப்பைக்கீரை. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும், மஞ்சள் தூக்கலாக. இந்தக் குழம்பு இங்கே எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1845-லிருந்து 1917 வரை ஏறக்குறைய 36,000 பேரை இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள், சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்களும் உண்டு. ‘கஞ்சா’ என்ற சொல்லும் அவர்களோடுதான் ஜமைக்காவுக்கு வந்தது, இன்றும் அதே சொல்தான். ஸ்லெங் டெங் என்பதும் அதைக் குறிப்பதுதான்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, ‘கூலி மேன்’ என்றார். வசவாகச் சொல்லவில்லை, இந்திய முகம் உள்ள எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். ஆனால் எனக்குக் கை ஒரு நொடி நின்றது. அந்தச் சொல் நம் தமிழிலிருந்து போனது என்று சொல்பவர்கள் உண்டு. என் பாட்டி ‘இன்னைக்கு என்ன கூலி’ என்று கேட்டுத்தான் களையெடுக்கப் போவாள். அதை இவ்வளவு தூரத்தில், இவ்வளவு சாதாரணமாக, ஒரு இனத்தின் பேராகக் கேட்பது என்னவோ செய்தது. இந்திய வம்சாவளியில் வந்த டான்ஸ்ஹால் (இந்த ஆட்டங்களில் ஓடும் ரிடிம் இசைக்கு அந்தப் பேர்) டீஜேக்களில் பெரிய பேர் சூப்பர் கேட், அவர் வளர்ந்த காக்பர்ன் பென் இங்கிருந்து அதிக தூரமில்லை. 80-களில் அவர் பேர் இல்லாத ஆட்டமில்லை. அவரையும் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருப்பார்கள்.

நாள் 4, வெள்ளி

வாட்டர்ஹவுஸ்.

ஓட்டுநர் சொன்னபடி ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். 70-களின் கடைசியில் அரசியல் சண்டையில் இந்தப் பகுதி எரிந்த எரியில் இதை ஃபயர்ஹவுஸ் என்றே கூப்பிட்டார்களாம். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் வளர்ந்ததும் இங்கேதான், ஓட்டுநர் அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். குறுகலான தெருக்கள், தகர வேலி, வேலிக்குள் மாமரம், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், ஒரு மூலையில் டாமினோ ஆடும் பெரியவர்கள், காயை மேசையில் அறையும் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கிறது.

செயின்ட் லூசியா ரோடு, 38. லாய்ட் ஜேம்ஸின் வீடும் ஸ்டூடியோவும். கிங் டப்பியிடம் வேலை கற்ற எஞ்சினியர், முதலில் பிரின்ஸ் ஜாமி, பிறகு கிங் ஜாமி. நான் உள்ளே போகவில்லை, யாரையும் தொந்தரவு செய்ய வரவில்லை, எதிர்ப்பக்கம் நிழலில் நின்று பார்த்தேன். குடியிருப்புத் தெரு, அவ்வளவுதான். வேறு யாராவது பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். என்னால் பத்து நிமிஷம் பேச முடியவில்லை.

கதை இதுதான். 1984-ன் கடைசி, 85-ன் தொடக்கம். வேய்ன் ஸ்மித் இந்தப் பகுதிப் பையன், 19 வயது, ஜாமியிடம் ஏற்கனவே பாடியவன். நண்பன் நோயல் டேவியிடம் ஒரு சின்ன கேசியோ கீபோர்டு, எம்.டி. 40. 1981-ல் வந்த மாடல், ஸ்டூடியோக்காரர்கள் வாங்கும் பொருளே இல்லை, வீட்டில் பிள்ளைகள் பழக வாங்குவது. 37 சின்னக் கட்டை, இடது பக்கம் பேஸுக்குப் பொத்தான் மாதிரி 15 கட்டை, ஆறு தாளம் முன்பே பதிந்து வந்தது. அதில் ராக் என்ற தாளத்தை வைத்துப் பேஸைத் தட்டினால் ஒரு பேஸ் ஓட்டம் தானாக ஓடும். இருவரும் அதைப் பிடித்தார்கள். முதலில் அழுத்திய விரல் யாருடையது என்பதில் கதை ஆளுக்கு ஆள் மாறும். அதன் மேல் வேய்ன் பாட்டுக் கட்டினான், பாரிங்டன் லெவியின் ‘அண்டர் மி சென்சி’ சாயலில். கஞ்சாவைப் பற்றிய பாட்டுதான், ஆனால் கொக்கெய்ன் வேண்டாம், புத்தி பேதலிக்கும் என்றும் அதில் சொல்கிறான், அப்போதுதான் அந்தத் தூள் இந்தத் தெருக்களுக்குள் வர ஆரம்பித்த காலம்.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தார்கள். இப்போது நான் சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் முக்கியமான இடம். அந்தத் தாளம் கேசியோ தந்தபடியே ஓடினால் அது ராக்தான், துள்ளலாக, வேகமாக, பொம்மைக்குரிய பொம்மைச் சத்தமாக இருக்கும். ஜாமி வேகத்தைக் குறைத்தார். ஒரு நகர்த்தல், அவ்வளவே. குறைத்ததும் அந்தப் பேஸ் நடக்க ஆரம்பித்தது, தோளைக் குலுக்கிக்கொண்டு தெருவில் ஒரு ஆள் நடந்துவருவது போல. டோனி ஆஷர் பியானோவில் எதிரடி வைத்தார், கைதட்டல் சேர்ந்தது. ரெகேயில் அதுவரை ஆண்ட ஒன் ட்ராப் தாளம் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவது அடியில் விழும். இதில் அந்தக் காலி இடமே இல்லை, இடைவிடாமல் உருண்டு வரும். டிரம்காரர் இல்லை, பேஸ் கிட்டார்காரர் இல்லை. முழுக்க எந்திரத்தில் ஓடிய முதல் பெரிய வெற்றி என்று ஜமைக்கா இதைத்தான் சொல்கிறது.

அந்தத் தாளத்தை யார் செய்தது? ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். தோக்கியோவில் குனிதாச்சி இசைக் கல்லூரியில் படித்து 1980-ல் கேசியோவில் சேர்ந்தவர், எம்.டி. 40 அவருடைய முதல் வேலை. கல்லூரியில் அவர் எழுதிய ஆய்வேடு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? ரெகே பற்றி. ராக் என்று பேர் போட்டு ஒரு தாளம் செய்யச் சொன்னால் அவர் கை தானாக எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரெகேயை நேசித்த ஒரு பெண் தோக்கியோவில் பதிந்து வைத்ததை, நாலு வருஷம் கழித்து, பூமியின் மறுபக்கத்தில் இந்தத் தகர வேலித் தெருவில் இரண்டு பையன்கள் கண்டுபிடித்தார்கள். அவருக்குக் கடிதம் போட்டுச் சொன்னது யாரும் இல்லை. இதைத் தற்செயல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர் உள்ளே என்ன வைத்தாரோ அதுதான் வெளியே வந்தது.

திரும்பும் வழியில் டிராமிலி அவென்யூ. கிங் டப்பி ஸ்டூடியோ வைத்திருந்த தெரு, ஜாமி தொழில் படித்த இடம். சீடன் இப்படி ஒரு ரிடிமைப் போட்டதும் குரு சும்மா இருக்கவில்லை, அதே 1985-ல் ‘டெம்போ’ ரிடிமைச் செய்தார், ஆந்தனி ரெட் ரோஸ் பாடினார். மெதுவாக, இருட்டாக, பயமுறுத்துகிற ரிடிம். ஒரு வாட்டர்ஹவுஸ் தெருவிலிருந்து இன்னொரு வாட்டர்ஹவுஸ் தெருவுக்குப் போன பதில். நாலு வருஷத்தில், 1989 பிப்ரவரியில், டப்பியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

நாள் 5, சனி

வால்தம் பார்க் ரோடு. 1985 பிப்ரவரி 23 இரவு, ஜாமியின் சவுண்டுக்கும் பிளாக் ஸ்கார்ப்பியோ சவுண்டுக்கும் மோதல் நடந்தது இந்தச் சாலையில்தான். ஸ்லெங் டெங்கை ஜாமி முதன்முதலில் அவிழ்த்துவிட்டது அன்றைக்குத்தான். இப்போது போனால் பேருந்து, டயர் கடை, பட்டீஸ் வாங்க வரிசை. ஓரத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார், இங்கே அதற்கு ஜெல்லி என்று பேர். அறுபது தாண்டிய மனிதர். ஓட்டுநர் என்னைக் காட்டி, இவர் எதற்கு வந்திருக்கிறார் தெரியுமா என்று பேச்சைத் தொடங்க, அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். அன்றிரவு அவர் இருந்தாராம். அந்தப் பேஸ் வந்ததும் பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தேன், அவன் என் முகத்தைப் பார்த்தான், இது எந்த பேண்டு வாசித்தது என்று எங்களுக்குப் புரியவே இல்லை என்றார். எதிர் சவுண்ட் என்ன செய்தது என்று கேட்டேன். என்ன செய்ய முடியும் என்றார்.

இளநீரைக் குடித்துக்கொண்டே டெனர் சாவை நினைத்தேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஜாமியின் வாசலில் பாடகர் வரிசை நின்றது, எல்லோருக்கும் அந்த ரிடிம் வேண்டும். அதில் வந்த ‘பம்ப்கின் பெல்லி’தான் என் உயிர். பூசணிக்காய் வயிற்றுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று ஜமைக்காவில் ஒரு பழமொழிக் கேள்வி உண்டு, நாம் இளநீரை வைத்துக் கேட்பது போல. அதை எடுத்துப் பாட்டாக்கினார் அந்தப் பதினெட்டு வயதுப் பையன். வேய்ன் ஸ்மித் அந்த பேஸின் மேலேயே சவாரி செய்கிறான் என்றால், டெனர் சா அதைவிட்டு விலகி, கோயிலில் தனியாகப் பாடுகிறவன் போல இழுத்து இழுத்துப் பாடுகிறார், சுருதி கொஞ்சம் விலகுவதுகூட அழகாக இருக்கிறது. 1988-ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இறந்துபோனார், 21 வயது.

அப்புறம் ஜானி ஆஸ்போர்னின் ‘பட்டி பை’. அவர் அந்தத் தலைமுறையே இல்லை, ஸ்டூடியோ ஒன் காலத்துப் பாடகர், பேண்டு வைத்துப் பாடி வளர்ந்த குரல். எந்திர ரிடிம் வந்ததும் ஒதுங்காமல் அதன் மேல் ஏறி, பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடும் ஒரு மெட்டைப் போட்டார். ஜான் வேய்னின் ‘கால் த போலீஸ்’ இன்னொரு பக்கம், டீஜே பேச்சு, மூச்சுவிடாமல். இந்த நாலு பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள், அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அடியில் இருப்பது ஒரே கேசியோ. ஆனால் முதல் பாட்டில் அது சிரிக்கிறது, இரண்டாவதில் ஏங்குகிறது. எந்திரம் மாறவில்லை, மனுஷன் மாறினான். மொத்தம் எத்தனை பேர் இந்த ரிடிமில் பாடியிருக்கிறார்கள் என்றால் நானூறுக்கும் மேல் என்று பலர் சொல்கிறார்கள், மற்ற தயாரிப்பாளர்கள் தாங்களே அடித்துப் போட்ட நகல்களையும் சேர்த்து. ஜாமியே 1986-ல் அதையெல்லாம் பிரித்து மேய்ந்து ‘கம்ப்யூட்டரைஸ்டு டப்’ என்று ஒரு ஆல்பம் போட்டார்.

இதற்கு ஒரு விலை இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கிங்ஸ்டனில் டிரம், பேஸ், கிட்டார், ஹார்ன் வாசித்துக் குடும்பம் நடத்திய நூற்றுக்கணக்கான கைகள். ஸ்லெங் டெங் வந்ததும் ஸ்டூடியோக்கள் முழு பேண்டைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஒரு கீபோர்டு, ஒரு டிரம் மெஷின், இரண்டு பேர் போதும். ஜாமியின் ஸ்டூடியோவில் ஸ்டீலியும் கிளீவியும் அந்த இரண்டு பேராக நின்று அடுத்த பத்தாண்டின் ரிடிம்களைச் செய்தார்கள், அற்புதமாகச் செய்தார்கள், ஆனால் வெளியே நின்ற மற்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். எங்கள் ஊரில் கேசட் வந்ததும் அப்பாவின் செட்டை யாரும் கூப்பிடாமல் போன வருஷம் எனக்கு நினைவிருக்கிறது. தட்டுகளைச் சாக்கில் கட்டி பரணில் போட்டார். அதனால் எனக்கு இந்த ரிடிம் கேட்கும்போது முழுச் சந்தோஷம் வருவதில்லை, அந்தச் சாக்கும் கூடவே வருகிறது.

வேய்ன் ஸ்மித்தும் இப்போது இல்லை. 2014 பிப்ரவரியில், 48 வயதில், இதே கிங்ஸ்டனில் போனார். அந்த ஆட்டம் நடந்து 29 வருஷம் நிறைய ஒரு வாரம்கூட இல்லை.

நாள் 6, ஞாயிறு

கடைசி இரவு, ஸ்கைலைன் டிரைவில் கிங்ஸ்டன் டப் கிளப். நகரத்துக்கு மேல் மலைச்சரிவில், கீழே முழுக் கிங்ஸ்டனும் விளக்காகக் கிடக்கிறது, துறைமுகம் வரை தெரிகிறது, நான் இறங்கிய மணல்திட்டுகூட. இங்கே பெரும்பாலும் பழைய ரூட்ஸ் ரெகேதான், குரலைக் குறைத்து ரிடிமையே கலைத்துப் போடும் டப்தான். ஸ்லெங் டெங் போடுவார்களா என்று காத்திருந்தேன், போடவில்லை. வருத்தமில்லை. அகஸ்டஸ் பாப்லோவின் மெலோடிகா அந்த மலைக்காற்றில் வந்தபோது வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஓட்டுநர் கூடவே நின்றார், இன்று அவர் வாடகைக்கு வரவில்லை, சும்மா வந்தார். கீழே மேற்குப் பக்கம் இருட்டாக இருந்த ஒரு பகுதியைக் கை நீட்டிக் காட்டி, வாட்டர்ஹவுஸ் என்றார்.

திங்கள் காலை, விமான நிலையம்

ராக்கர்ஸில் வாங்கிய தட்டு பைக்குள், இரண்டு சட்டைக்கு நடுவில். முன்பக்கம் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’, பின்பக்கம் வெர்ஷன். ஊரில் சாயங்காலம் ஆகியிருக்கும் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். தட்டு வாங்கிய விஷயத்தைச் சொன்னேன்.

‘பின்னாடி என்ன பாட்டு?’

‘பாட்டு இல்லப்பா. வெறும் அடி மட்டும்.’

‘அத எதுக்குப் போட்டு வச்சிருக்கான்?’

‘அடுத்தவன் பாடத்தான்.’

கொஞ்ச நேரம் பேசவில்லை. போட்டுக் காட்டுடா என்றார். என் போனில் இருந்ததை எடுத்துப் போட்டேன், முப்பது நொடி ஓட விட்டேன்.

‘கீ கீன்னு கேக்குது. கீழ் சத்தமே வரலையே.’

போன்ல அது வராதுப்பா என்றேன், தையில் வருகிறேன், தட்டைக் கொண்டுவருகிறேன், பரணிலிருந்து செட்டை இறக்கி வையுங்கள் என்றேன். குழாய்ல போட்டாலும் வராது, பெட்டி ஸ்பீக்கர் வேணும், மதுரையில கேட்டுப் பாக்குறேன் என்றார்.

ஊசி இருக்காப்பா என்று கேட்டேன்.

‘ரெண்டு இருக்கு. ஒன்னு பிரிக்கவே இல்ல.’